கட்டிளமைப் பருவத்தினருக்கான குறுநாவல்கள்: சுவையும் தெரிவும் பற்றிய சில குறிப்புகள்

கட்டிளமைப் பருவத்தினருக்கு எந்த நாவலைக் கொடுக்கலாம் என்ற வினா எம்மிடையே பெரும்பாலும் எதைக் கொடுக்கலாகாது என்ற வினாவாகவே எழுந்து வந்துள்ளது. பெற்றோர் ஒழுக்கத்தின் பெயராலும், ஆசிரியர் பரீட்சையின் பெயராலும், முற்போக்கு விமரிசகர்களாகிய நாம் சமூகப் பயன்பாட்டின் பெயராலும் தத்தமக்கென விலக்குப் பட்டியல்களைத் தயாரித்து வைத்துள்ளோம். இப்பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன. பதினான்கு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஒருவர் ஒரு நூலைக் கையில் எடுப்பதற்கு முதற்காரணமாக அமையும் இன்பத்தை அவை பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தும்போதும், சூரணத்தைக் குழைத்துக் கொடுப்பதற்கான தேனாகவே அதனைக் கருதுகின்றன. நூலில் முக்கியமானது சூரணமே, தேன் விழுங்கவைப்பதற்கான உபாயம் மாத்திரமே என்ற இந்த எண்ணம் தவறானது என்பது எமது கருத்து. தெரிவு பற்றிய எமது குழப்பங்கள் பலவற்றுக்கும் இவ்வெண்ணமே மூலம் எனலாம்.

தமிழில் சிறுவர் இலக்கியம் என்ற ஒரு துறை உண்டு. வளர்ந்தோருக்கான நாவலும் உண்டு. இரண்டுக்கும் இடையிலே ஒரு வெளி கிடக்கின்றது. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வும் அதன் வழிவந்த இதழ்களும் பன்னிரண்டு வயதுவரை ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதன்பின் அப்பிள்ளை எங்கே போவது? ஈழத்தின் முதற்றமிழ் நாவல் எனப் பேசப்படும் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' (1885) குழந்தைப் பருவத்திலே களவாடப்பட்ட ஒருவனின் சாகசக் கதையாக அமைந்தமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. எமது நாவல் இளைஞன் ஒருவனின் அலைவோடுதான் பிறந்தது. ஆயின் அவ்வழி தொடர்ந்து செப்பனிடப்படவில்லை. அசன்பேயின் உரைநடையை இன்றைய மாணவர் ஒருவர் உதவியின்றிச் சுவைத்தல் அரிது. ஆகவே வரலாற்று முக்கியத்துவம் கருதி அதனை எமது தெரிவிற் சேர்ப்பது பிழையாகும். வரலாற்று முக்கியத்துவம் என்பது பதினைந்து வயது வாசகருக்கு ஒரு காரணமாகாது.

அந்த வெளியை நிரப்பியவை யாவை? எண்பதுகளிற் பெருகிய, சட்டைப்பையில் அடங்கும் தமிழக மர்ம நாவல்கள். ராஜேஷ்குமாரையும் சுபாவையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் பாடப்புத்தகத்துள் மறைத்துவைத்து வாசித்த ஒரு தலைமுறை இன்று ஆசிரியர்களாயும் விரிவுரையாளர்களாயும் இருக்கின்றது. (நாமும் அத்தலைமுறையின் கடைக்குட்டிகளே என்பதை மறைப்பதற்கில்லை.) இவற்றை 'நச்சிலக்கியம்' என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. இளைஞர் அவற்றில் எதனைத் தேடினர் என வினவுவதே பயனுள்ளது. ஒரு செயலுக்குக் காரணம் உண்டு என்ற உறுதி, சிதறிக் கிடக்கும் தடயங்களை அறிவினால் ஒன்றிணைக்கலாம் என்ற நம்பிக்கை, ஆபத்தின் முன் நின்று முடிவெடுக்கும் மனிதர் ஆகியவற்றையே அவர்கள் தேடினர். இவை இழிந்த தேவைகள் அல்ல. வீட்டிலும் பள்ளியிலும் எந்த முடிவையும் தாமே எடுக்கவியலாத நிலையில் வைக்கப்பட்டுள்ள ஒரு பருவத்தினருக்கு இவை நியாயமான தேவைகள். மர்ம நாவலின் குறைபாடு அது இன்பந் தருவதன்று. அவ்வின்பம் மிகச் சிறியதாக இருப்பதே. கொலைகாரன் பிடிபட்டதும் உலகம் பழையபடி சீராகிவிடுகின்றது. குற்றம் ஒரு தனியாளின் வக்கிரமாகச் சுருங்கிவிட, அதனை விளைவித்த உறவுகள் யாவும் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. முடிவை அறிந்தபின் அந்நூலை மீண்டும் கையில் எடுப்பார் இலர்.

எமது முகாமின் தவறு இதனினும் பாரதூரமானது. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கிய'மும் (1968), சிவத்தம்பியின் 'நாவலும் வாழ்க்கையும்' (1978) நாவலைச் சமூக வரலாற்றோடு இணைத்து நோக்க எமக்குக் கற்பித்தன. அப்பயிற்சியின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அவ்வழி வந்தோர் பலர் நூலொன்றின் கருத்து சரியாயின் மாணவர் அதனை வாசிக்கக் கடமைப்பட்டவர் என எண்ணலாயினர். விளைவு, எமது வாசிப்பு வட்டங்களில் முதல் வாரம் இருபது பேரும் நான்காம் வாரம் நால்வரும் இருந்தமைதான். அந்நால்வருங்கூட நாவலுக்காக வந்தார்கள் என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. மார்க்சியரான பிறெக்ற் தமது அரங்கு பற்றிய கோட்பாட்டுரையிலே (1948) மகிழ்வூட்டலையே அரங்கின் முதற்பணியாகக் கொண்டு, அறிவியல் யுகத்தின் மக்களுக்கு அறிதலே ஓர் இன்பமாக முடியும் என வாதிட்டார். எமது விமரிசனம் அவரிடமிருந்து அந்நியமாதற் கோட்பாட்டைப் பெற்றுக்கொண்டது. மகிழ்ச்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

எனவே தெரிவுக்கான அளவுகோலாக நாம் முன்வைப்பது இதுவே: எந்த இடத்தில் வாசகர் சுவைக்கின்றாரோ அந்த இடத்திலேயே அவர் உலகத்தை அறியவும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் நிகழும் நாவல், அதன் நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், இப்பருவத்தினருக்கு உகந்ததன்று.

குறுநாவல் என்ற வடிவத்தை நாம் வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. இளைஞரின் கவனம் குன்றியுள்ளது, ஆகவே சிறியதாகக் கொடுப்போம் என்பது ஒரு நோயாளியைக் கருதும் பார்வை. பாடசாலையும் அதன்பின் ரியூசன் வகுப்புகளும் சேர்ந்து மாணவரின் நாளைத் துண்டாடியுள்ளன. அவருக்கு மிஞ்சியிருப்பது ஓர் இரவு, அல்லது ஒரு நீண்ட பஸ் பயணம். ஒரே இருக்கையில் முடிக்கத்தக்க நாவலை அவர் முழுமையாகத் தம் கைக்குள் வைத்திருக்கிறார். தொடக்கத்தை மறவாமல் முடிவுக்கு வருவதனால் அதன் அமைப்பை அவரே உணரமுடிகின்றது. விமரிசன உணர்வு என்பது அங்கேதான் முளைவிடுகின்றது.

ஈழத்தில் இவ்வடிவம் ஒருகாலத்தில் வாய்ப்பான ஒரு பொருளியற் சூழலைப் பெற்றிருந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்திலே தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் உண்டான வெற்றிடத்திலே உள்ளூர் வெளியீடுகளுக்கு ஒரு சந்தை கிடைத்தது. வீரகேசரி நிறுவனம் நாவல்களைத் தொடராக வெளியிட முன்வந்தது. அந்நாவல்கள் விற்பனையைக் கருதி எழுதப்பட்டவையே. எனினும் அவற்றின் களம் நெடுந்தீவாகவும் வன்னியாகவும் மலையகமாகவும் இருந்தது. விறுவிறுப்பான கதையையும் சொந்த மண்ணையும் ஒருங்கே வாசகர் பெற்ற அச்சிறு காலகட்டம் 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு ஒடுங்கத் தொடங்கியது. அக்காலத்து நாவல்களை 'சனரஞ்சகமானவை' என்று அன்றைய விமரிசகர் சிலர் இரண்டாம் வரிசையில் வைத்தனர். எமது நோக்கிற்கு அவையே முதல் வரிசை.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973) நல்லதோர் உதாரணம். பருவக் காற்றோடு நெடுந்தீவுக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவர், அவர்களை விரும்பியும் வெறுத்தும் எதிர்கொள்ளும் தீவு மக்கள், இவற்றினூடே இளம் உள்ளங்களின் காதல் என அமையும் இந்நாவல் 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. காதலுக்காக இதனைத் திறக்கும் மாணவர் சம்மாட்டிக்கும் அவரிடம் கூலிக்கு வலை இழுப்பவருக்கும் இடையிலான உறவைக் கண்டுகொள்ளாமல் மூடமுடியாது. ஏனெனில் யார் யாரை விரும்பலாம் என்பதே கடலில் யாருக்கு என்ன உரிமை என்பதனோடு பின்னிக் கிடக்கின்றது. ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' (1952) உலகப் புகழ்பெற்ற குறுநாவல். அதனையும் நாம் பரிந்துரைப்போம். ஆயினும் அக்கிழவன் கடலிலே தனியன். அவனைப் பேணும் சிறுவன்கூடக் கரையில் விடப்படுகிறான். குருநகரிலோ பேசாலையிலோ வளர்ந்த மாணவர் ஒருவர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், மீன்பிடி என்பது தனிமனித வீரமா கூட்டுத் தொழிலா என்ற வாதத்தை ஆசிரியர் தொடக்கிவைக்க வேண்டியிராது. கலைநேர்த்தியில் ஹெமிங்வே மேம்பட்டவர் என்பதையும் அம்மாணவர் தாமே கண்டுகொள்வார்.

அதே ஆசிரியரின் 'ஆச்சி பயணம் போகிறாள்' (1969) முற்றிலும் வேறு சுவையுடையது. யாழ்ப்பாணத்துக் கிராமத்தை விட்டகலாத மூதாட்டி ஒருத்தி கதிர்காம யாத்திரை புறப்படுகிறாள். எமது விமரிசனத்தில் நகைச்சுவைக்கு இடம் மிகக் குறைவு; ஆகவே இந்நாவல் பற்றி எழுதியோரும் குறைவு. கிராமத்தின் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நாட்டை அளக்கப் புறப்படும்போது கிராமம்தான் அளக்கப்படுகின்றது என்பதை உணர்ந்து சிரிக்கும் வாசகர், தமது வீட்டு ஆச்சியையும் அவரது முன்முடிவுகளையும் ஒருங்கே இனங்காண்கிறார். பட்டமேற்றும் ஆர்வத்தை மையமாகக் கொண்ட 'முற்றத்து ஒற்றைப் பனை' (1972) இவ்வகையினதே. அதைவிட இது இறுக்கமானது; வயதிலே முதிர்ந்தவரின் விளையாட்டு வெறியைப் பதின்ம வயதினர் விரும்பி வாசிப்பர்.

இனி, பிணக்குக்குரிய ஒரு நூலுக்கு வருவோம். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. காட்டோடும் வேட்டையோடும் வளர்ந்த கதிராமன், சூதுவாது அறியாத பதஞ்சலி, அங்கு படிப்பிக்க வரும் ஆசிரியர் சுந்தரலிங்கம் ஆகிய மூவரைச் சுற்றிக் கதை அமைகின்றது. காட்டை அறிந்த ஒருவரால் எழுதப்பட்டது இது என்பதை முதற்பக்கங்களே காட்டிவிடும். தந்தையின் சொத்தைத் துறந்து பதஞ்சலியை மணந்த கதிராமன் தன் கைகளால் காடு வெட்டிக் களனியாக்கும் பகுதிகளைப் போல, உழைப்பை ஒரு சாகசமாக உணரவைக்கும் எழுத்து ஈழத்து நாவலில் அதிகமில்லை. மரம் விழும் திசையை அறிவதும், மிருகத்தின் வழியை அறிவதும், மழை எப்போது வரும் என அறிவதும் இங்கு அறிவாகவும் பரபரப்பாகவும் ஒருங்கே நிற்கின்றன. மர்ம நாவல் தடயங்களைக் கொண்டு தரும் இன்பத்தை இந்நாவல் காட்டைக் கொண்டு தருகின்றது.

ஆயின் இந்நூலை மாணவர்க்குக் கொடுக்கலாம் என நாம் கூறியபோதெல்லாம் ஆசிரியர்கள் தயங்கினர். காரணம், புயலடித்த ஓர் இரவு. கணவன் அருகில்லாத வேளையில் பதஞ்சலிக்கும் சுந்தரலிங்கத்துக்கும் இடையே நிகழ்வதை ஆசிரியர் பாலமனோகரன் ஆபாசமாக எழுதவில்லை, கண்டித்தும் எழுதவில்லை. அந்தக் கண்டனமின்மையே தயக்கத்தின் மெய்யான காரணம் என நாம் கருதுகிறோம். பாடவேளையிலே சங்க அகப்பாடல்களின் களவொழுக்கத்தைத் துறைவாரியாக விளக்குபவர்கள், தண்ணிமுறிப்பில் நிகழும் ஒன்றைக் கண்டு அஞ்சுவது வேடிக்கையானது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய காதல் பாரம்பரியம். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தியது ஒழுக்கக்கேடு. மத்தியதர வர்க்கத்தின் ஒழுக்கநோக்குக்குத் தூரம் ஒரு பாதுகாப்பாக இருக்கின்றது. இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து வரும் படித்தவரிடம் ஒரு சிற்றூரின் பெண் ஏமாறும் சாத்தியத்தை இந்நாவல் காட்டுகின்றது. அப்படித்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியராயும் இருக்கிறார். நாவலைத் தெரிவுசெய்பவரும் ஆசிரியரே. கட்டிளமைப் பருவத்தினர் இந்தச் சங்கடத்தை எம்மிலும் விரைவாகப் புரிந்துகொள்வர். அவர்களோடு இதனைப் பேசுவதற்கு எமக்குத்தான் ஆயத்தமில்லை. பதினாறு வயதினருக்கு இந்நாவலைக் கொடுப்பதிலே எமக்கு ஐயமில்லை. பதின்மூன்று வயதினருக்காயின் பொறுத்திருக்கலாம்.

இதே அளவுகோலோடு சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரிய'ரை (1962) நோக்கலாம். மாஸ்கோ வெளியீடுகளாக மலிவு விலையில் எமக்குக் கிடைத்த சோவியத் நூல்களிலே மிக அதிகமானோர் கைமாற்றிப் படித்தவற்றுள் இதுவும் ஒன்று. கிர்கீசியக் குன்றொன்றின்மேல் இரு பொப்லார் மரங்கள். இருபதுகளில், தாமே திருத்தமாக எழுத்தறியாத துய்ஷேன் என்ற இளைஞர் பிரபு ஒருவரின் கைவிடப்பட்ட குதிரைலாயத்தைத் துப்புரவாக்கிப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். குளிரில் உறையும் ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தோளில் சுமக்கிறார். அநாதையான அல்தினாய் என்ற சிறுமியை அவளுடைய சிற்றன்னை இரண்டாந்தாரமாக விற்றுவிட, அடியுண்டு கிடந்தவர் எழுந்து போய் அவளை மீட்கிறார். இவ்வளவும் எந்த மர்ம நாவலுக்கும் சளைக்காத வேகத்துடன் சொல்லப்படுகின்றன.

ஆயின் நூலின் உயிர்நிலை அதன் சட்டகத்தில் உள்ளது. பல ஆண்டுகளின் பின், கல்விமான்களின் வரிசைக்கு உயர்ந்த அல்தினாய் ஊரிலே புதிய பள்ளிக்கூடத் திறப்புவிழாவுக்கு வருகிறாள். விருந்தினர் உள்ளே அமர்ந்திருக்க, வயோதிபத் துய்ஷேன் தபாற்காரராக வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் ஒருகாலம் ஆசிரியராயிருந்ததை நினைத்துப் பலர் சிரிக்கின்றனர். அல்தினாயினால் அங்கே இருக்கமுடியவில்லை. சோசலிச சமூகம் ஒன்றினுள்ளேயே படித்தோர்க்கும் அவர்களைப் படிக்கவைத்தோர்க்கும் இடையில் ஒரு பிளவு தோன்றுவதை 1962இல் எழுதிய துணிவு இங்கு கவனிக்கப்படவேண்டும். இந்நூலைப் பிரசாரம் என ஒதுக்குவோர் இச்சட்டகத்தை வாசிக்காதவர்கள். தெணியானோ டானியலோ எமக்குச் சொல்லவேண்டியிருந்த ஒன்றையே ஐத்மாத்தவும் வேறு குளிரில் சொல்கிறார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அம்மலிவுப் பதிப்புகளின் வரவும் நின்றது. தமிழ் இளைஞரின் வாசிப்புக்கு அதனால் நேர்ந்த இழப்பை எமது அரசியல் ஆய்வுகளில் எவரும் கணக்கிட்டாரில்லை.

எம்மோடு ஒரே தீவில் வாழும் மக்களின் மொழியிலே இப்பருவத்தினருக்கென்றே எழுதப்பட்ட ஒரு நாவல் 1947 முதல் உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' தமிழிலும் வந்துள்ளது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1976இல் அதனைத் திரைப்படமாக்கினார். குறும்புக்காரனான உபாலியும் அவனது வீட்டு வேலைக்காரச் சிறுவனான ஜின்னாவும் வீட்டைவிட்டு ஓடி, கொக்கலை வாவியிலே ஆளற்ற தீவொன்றைப் பண்படுத்துகின்றனர். இதன் இன்பம் ஐயத்துக்கிடமற்றது. பெரியவர் எவருமின்றி ஓர் உலகை அமைக்கும் கனவு இப்பருவத்தினர் எல்லோர்க்கும் உரியது. எனினும் றொபின்சன் குரூசோக் கதைகள் பற்றி மார்க்ஸ் எழுப்பிய ஐயம் இங்கும் பொருந்தும்: தனியே தீவுக்குப் போகிறவன் தன் சமூகத்தையும் கூடவே கொண்டுபோகிறான். தீவிலே இருவரும் ஒன்றாக வெட்டுகின்றனர், ஒன்றாகப் பசியிருக்கின்றனர்; ஆயினும் உபாலி எசமானாகவே வளர்கிறான், ஜின்னா விசுவாசமுள்ள துணைவனாகவே நிற்கிறான். விக்கிரமசிங்க இதனை ஒரு பிரச்சினையாகக் காணவில்லை. அதனால் நூலை விலக்கவேண்டும் என நாம் கூறமாட்டோம். நூலை மிக விரும்பிய மாணவரே 'ஏன் தீவு ஜின்னாவின் பெயரில் இல்லை?' என்று கேட்கக்கூடியவர். விரும்பாதவருக்கு அவ்வினா எழாது.

சில நூல்களை விரைந்து கடக்கலாம். டானியலின் 'பஞ்சமர்' இவ்வயதினருக்குப் பெரியது, பாத்திரங்களும் மிகப் பல. கிணற்றுரிமையைப் பற்றிய அவரது 'தண்ணீர்' அளவிலும் ஒருமையிலும் பொருத்தமானது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' (1981) தோட்டத்திலே தொழிற்சங்கம் உருவாவதை உள்ளிருந்து காட்டும் ஆவணம். 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஒரு தொழிற்சங்கவாதியே அதன் ஆசிரியர். ஆயின் கதையோட்டம் தளர்வானது. மலையக மாணவர் ஆர்வத்தோடு படிப்பர். ஏனையோருக்கு இதனை இரண்டாவது நூலாகவே கொடுக்கலாம். போர்க்காலம் பற்றிய நாவல்களைப் பொறுத்தவரை, 2009இன் பின் பிறந்தோருக்கு உகந்த குறுநாவல் ஒன்றை நாம் நம்பிக்கையோடு சுட்டமுடியாதுள்ளது. உள்ளவை பெரியவர்களின் வழக்கைப் பெரியவர்களிடம் பேசுவன. இப்பட்டியலிற் பெண்பிள்ளைகளின் சாகசம் ஏறக்குறைய இல்லாமையும் எமக்குத் தெரிகின்றது; அல்தினாய்கூட மீட்கப்படுபவளே.

நூல்கள் கிடைக்குமா என்ற வினா எஞ்சுகின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அச்சூழலில் மறுபதிப்புப் பற்றிப் பேசுவோர் இலர். குறுநாவல் குறைந்த கடதாசியை வேண்டுவது என்பது இங்கு சிறிய வாதமன்று. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்திலே எழுபதுகளின் ஈழத்து நாவல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசித் திரையில் நூறு பக்கம் படிப்பது முந்நூறு பக்கம் படிப்பதிலும் எளிது. இதற்கிடையே, அண்மையில் நாம் சென்ற பாடசாலையொன்றின் நூலகத்திலே 'நிலக்கிளி'யின் பழைய பிரதியொன்று கண்ணாடி அலுமாரிக்குள் இருந்ததைக் கண்டோம். திறப்பு அதிபரிடம் உண்டு எனவும், பிள்ளைகள் புத்தகங்களைப் பழுதாக்கிவிடுவர் எனவும் பொறுப்பாசிரியர் எமக்கு விளக்கினார்.